பதினைந்து வயதில் கல்லூரிக்குப் போனவள் சொல்கிறேன்

2014 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு 15 வயது எட்டு மாதம். வகுப்பில் எனக்கு அடுத்தபடியாகச் சின்னவளாக இருந்த பெண்ணுக்கே பதினேழரை வயது. நான்கு வருடத்தில் முடிய வேண்டிய படிப்பு எனக்கு ஐந்து வருடம் ஆனது. இடையில் பணமும் போனது, உடம்பும் கெட்டது, இரண்டு வருடம் பேசுவதற்கு ஆளில்லாமல் இருந்தேன். இன்று வேலையில் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அலுவலகத்திலும் குடியிருப்பிலும் பிள்ளை கெட்டிக்காரன், ஒரு வகுப்பைத் தாண்டிப் போட்டுவிடலாமா என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. என் அப்பாவும் அம்மாவும் இதே கேள்வியோடு நின்றபோது விவரம் தெரிந்த ஒருவர்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முன்கூட்டியே சேர்வதில் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நன்மை இருக்கிறது. அதற்கு என்ன விலை என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை.

எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் பிறக்கும்போது அவருக்கு நாற்பது வயது. 2018-இல் ஓய்வு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளம் நிற்பதற்குள் என் படிப்பு முடிந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. அதில் பேராசை எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. நாலரை வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் தனியார் பள்ளிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் கணக்கில் நான் காட்டிய வேகத்தைப் பார்த்து, நேராக ஐந்தாம் வகுப்பில் போடலாம் என்று பள்ளியே சொன்னது. டபுள் புரமோஷன் என்றால் எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு பெருமை. அத்தை சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுவந்தார்.

பெரியப்பா எப்போதும் சர் சி.வி. ராமனைத்தான் உதாரணம் காட்டுவார். 1888 நவம்பரில் பிறந்தவர், 1904-லேயே சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டார். பதினாறு வயதுகூட நிறையவில்லை. கடைசியில் எங்கள் ஊருக்கே வந்து இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக இருந்து, சொந்தமாக ஓர் ஆய்வு நிறுவனமும் தொடங்கினார். இதெல்லாம் உண்மை. அதே ராமன் 1907-இல் பதினெட்டு வயதில் நிதித்துறைத் தேர்வு எழுதித் தேறி, கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வுத் தலைவராக வேலைக்குச் சேர்ந்தார் என்பதும் உண்மை. இன்று பதினெட்டு வயதுப் பட்டதாரிக்கு அந்தக் கதவு திறக்காது. குடிமைப் பணித் தேர்வு எழுத 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கல்லூரி வாசல் மட்டும் சீக்கிரம் திறந்து, அதற்கப்பால் உள்ள வாசல்கள் பிறந்த தேதியைக் கேட்கும் காலத்தில் நாம் இருக்கிறோம். பெரியப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆனது. கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் அதை இழந்த கதையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒரு பாடத்தில் முன்னே இருக்கும் பிள்ளை எல்லாவற்றிலும் முன்னே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் நன்றாக இருந்தது. நுழைவுத் தேர்வில் ஓரளவு நல்ல இடம் கிடைத்து, அரசு ஒதுக்கீட்டிலேயே சீட் வந்தது. பொறியியலுக்கு வயதை யாரும் கேட்கவில்லை. விடுதியில்தான் முதலில் கேட்டார்கள். கல்லூரி நகரத்தின் மறுகோடியில், கெங்கேரிக்கு அப்பால் இருந்தது. விடுதிக் காப்பாளர் என் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சேர்க்கைக் கட்டணம் கட்டிய பிறகுதான் இது தெரிந்தது. சீட்டை ஒப்புக்கொள்வதற்கு முன்பே விடுதியில் வயது விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று அலுவலகத்தில் சொல்பவர் வேறு, விடுதியை நடத்துபவர் வேறு.

ஆகவே தினமும் பஸ். அல்சூரிலிருந்து மெஜஸ்டிக், அங்கிருந்து இன்னொரு பஸ். 2014-இல் மெட்ரோ எங்கள் பகுதியில் ஓடியது என்றாலும் நகரத்தின் நடுவே சுரங்க வழி இன்னும் திறக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் எட்டு மணி ஆய்வகத்துக்குப் போக முடியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஏழரை ஆகிவிடும். அந்த வயதில் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, தூக்கம் கேட்கிறது. அம்மா காலையில் தலை பின்னிவிடும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவேன். முதல் வருடம் இப்படியே ஓடியது. மதிப்பெண் சரிந்தது, ஆனாலும் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கல்லூரி அருகே ஒரு பி.ஜி., அதாவது மாத வாடகைக்குத் தங்கும் தனியார் விடுதி அறை, பிடித்தோம். மாதம் 5,500 ரூபாய், முன்பணம் 10,000. படிவத்தில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். சில வாரம் கழித்து காவல் நிலையத்துக்குக் கொடுக்க ஆதார் நகல் கேட்டார்கள். பார்த்ததும் உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை. மூன்று மாத முன்னறிவிப்பு தரவில்லை என்று காரணம் சொன்னார். 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தமே செல்லாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா தைரியமாகக் கேட்டிருப்பார். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு அறை எடுப்பவர்கள் பெற்றோரின் பெயரில் ஒப்பந்தம் போடுங்கள், பிள்ளையின் வயதை அதில் எழுதச் செய்யுங்கள், முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வயதை மறைத்துக் கிடைக்கும் அறை ஒரு மாதம்கூட நிம்மதி தராது.

பாடம் எனக்குச் சிரமமாகவே இல்லை. கணிதமும் மின்சுற்றும் இனித்தன. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. முதல் வருடப் பட்டறை வகுப்பை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வலிக்கிறது. ஓர் இரும்புத் துண்டை வைஸ் என்ற இடுக்கியில் பூட்டி, அரத்தால் ராவி, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி செய்ய வேண்டும். வைஸ் என் மார்பு உயரத்துக்கு இருந்தது. மற்றவர்கள் தோள் பலத்தை வைத்து அரத்தைத் தள்ளினார்கள், எனக்கு மணிக்கட்டுதான் வேலை செய்தது. பக்கத்தில் நின்ற பையன் இரக்கப்பட்டு, "கொடு பாப்பா, நான் செய்து தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் பாப்பாதான். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்புதான் என்னைத் தனிமைப்படுத்தியது. நான் போய் உட்கார்ந்ததும் பெண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். குழு வேலை என்றால் எனக்கு அட்டை ஒட்டும் வேலை. பிறந்தநாளுக்குக் கோரமங்கலா போவார்கள், "உங்கள் வீட்டில் விடமாட்டார்கள்" என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். என் வயதுப் பள்ளித் தோழிகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பயிற்சி வகுப்புகளில் மூழ்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நான் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் சில வாரம் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தார். அவருக்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். வகுப்புத் தோழிகளுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்லவே இல்லை. ஒரு பேராசிரியை தற்செயலாகக் கவனித்துக் கேட்டதால்தான் அது நின்றது. கல்லூரி முழுக்கப் பெரியவர்களுக்கான இடமாகவே நடக்கிறது. அங்கே ஒரு சிறுமி இருக்கிறாள் என்பது பதிவேட்டில் மட்டும்தான் தெரியும். 18 நிரம்பாதவர்களைச் சட்டம் குழந்தை என்றே கருதுகிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் கல்லூரி வளாகத்துக்கும் பொருந்தும். சேர்க்கும் நாளிலேயே முதல்வருக்கும் துறைத் தலைவருக்கும் வயதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். ஏதாவது என்றால் யாரிடம் போக வேண்டும் என்று பிள்ளைக்கு ஒரு பெயரைச் சொல்லி, அந்த ஆளை நேரில் அறிமுகப்படுத்துங்கள். எதைச் சொன்னாலும் படிப்பு நிற்காது என்ற வாக்குறுதியையும் கொடுங்கள். அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

2015 செப்டம்பரில், மூன்றாம் பருவத்தின் நடுவில், மஞ்சள் காமாலை வந்தது. பி.ஜி.யை விட்டுத் திரும்பவும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு மாதத்துக்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார், உப்பில்லாப் பத்தியம் வைத்தார். கண்ணில் மஞ்சள் மறைந்த பிறகு கல்லூரிக்குப் போனேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் 85 சதவீத வருகைப் பதிவு வேண்டும். தக்க காரணம் காட்டினால் 75 வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மருத்துவச் சான்றோடு குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். என் கணக்கு எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருந்தது. விண்ணப்பித்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். வீட்டு வைத்தியம் பார்த்ததால் என்னிடம் மருத்துவரின் ஒரு காகிதமும் இல்லை. கடைசித் தேதி எப்போது என்பதும் தெரியாது. அந்த மாதிரிச் செய்திகள் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடும். என் சிம் அப்பா பெயரில், இருந்ததோ பட்டன் போன். அறிவிப்புப் பலகையில் தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் என் பெயரைப் பார்த்துவிட்டு, மெஜஸ்டிக்கில் பஸ் மாறாமல் நெடுநேரம் நடைமேடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு பருவம் போனால் அதே பருவம் அடுத்த ஆகஸ்டில்தான் வரும். அதாவது ஒரு முழு வருடம். திரும்பக் கட்டிய கட்டணம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து, பி.ஜி. முன்பணம் எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி நஷ்டம். அதைவிடப் பெரிய அடி, எந்தத் தேதிக்காக என்னை ஓட வைத்தார்களோ அந்தத் தேதி தவறியது. அப்பா 2018-இல் ஓய்வு பெற்றபோது எனக்கு இன்னும் ஒரு வருடம் மீதி இருந்தது. கடைசி வருடக் கட்டணத்தை வருங்கால வைப்பு நிதியிலிருந்துதான் கட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இரவெல்லாம் அழுதேன். பிள்ளைக்கு என்ன வயதானாலும், கல்லூரியில் சேர்ந்துவிட்டால் எந்த நோய்க்கும் மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவையுங்கள். வைத்தியம் வீட்டில் பார்ப்பது உங்கள் விருப்பம். வகுப்புக் குழுவில் பிள்ளையின் எண் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். சின்ன வயது என்பதற்காகப் போனைக் கொடுக்காமல் இருந்தால், கல்லூரியில் காது கேட்காதவர் போல ஆகிவிடுவார்கள்.

2016 ஜனவரி முதல் ஜூலை வரை வீட்டில் இருந்தேன். பதினேழு வயது. சும்மா இருக்க வேண்டாம் என்று எங்கெங்கோ முயன்றோம். ஒரு சின்ன நிறுவனத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் 18 நிரம்பாதவர் கையெழுத்திட முடியாது என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் பயிற்சி கேட்டால் அங்கும் அதே பதில். கியர் வண்டி ஓட்டப் பழகலாம் என்றால் உரிமம் கிடையாது. அப்போதுதான் எந்தெந்த வாசலில் என்ன வயது கேட்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. மருத்துவத்துக்கு, சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 நிரம்பியிருக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் மருத்துவம் கேட்டிருந்தால் தகுதியே இருந்திருக்காது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பதினாறரை. சட்டம் படித்துச் சீக்கிரமே முடித்தாலும், 21 நிரம்பினால்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியும். பல வங்கிகளின் அதிகாரித் தேர்வுக்கு 20. ஒரு வகுப்பைத் தாண்ட வைப்பதற்கு முன்பு பிள்ளை எங்கே போகப் போகிறது என்று யோசித்து, அந்த இடத்தின் வயது விதியைப் படித்துவிடுங்கள். முன்னால் மிச்சப்படுத்திய வருடத்தை அங்கே காத்திருந்தே கழிக்க வேண்டி வரும் என்றால், பள்ளியிலேயே நிம்மதியாகக் கழித்திருக்கலாமே.

மனம் ஆறாத ஒரு விஷயம் கணித ஒலிம்பியாட். பதினொன்றாம் வகுப்பில் மாநில அளவிலான சுற்று வரை போனேன். தேறவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். அடுத்து ஒரு முறைதான் இருந்தது. அது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோடு அடித்துக்கொண்டு போனது. சர்வதேசப் போட்டிக்கு இருபது வயதுக்குள் இருந்தால் போதும், ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கக் கூடாது. என் வயதுப் பிள்ளைகள் இன்னும் இரண்டு வருடம் எழுதினார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்பதற்காக முன்னே தள்ளப்பட்டவளுக்கு, கணக்கில் கெட்டிக்காரர்களுக்கான போட்டி அதனாலேயே மூடிப்போனது. கெட்டிக்காரப் பிள்ளையின் பெற்றோர் இதை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும்.

அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது நடந்துபோகும் தூரத்தில் இருந்த தமிழ்ச் சங்க நூலகம். அல்சூர் ஏரியைப் பார்த்தபடி மதியம் முழுவதும் படித்துக்கொண்டிருப்பேன். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஆகஸ்டில் திரும்பப் போனபோது எனக்குப் பதினேழேமுக்கால், புதிய வகுப்புத் தோழர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. ஏப்ரல் கடைசியில் சுரங்க வழி திறந்திருந்ததால் அல்சூரிலிருந்து மைசூர் ரோடு வரை ஒரே மெட்ரோ. தூங்கி எழுந்து போக முடிந்தது. யாரும் பாப்பா என்று கூப்பிடவில்லை. அங்கே கிடைத்த இரண்டு தோழிகள்தான் இன்றும் என் தோழிகள். பாடம் அதேதான், கல்லூரி அதேதான், வயது மட்டும் சரியாக அமைந்தது. அந்த வருடத்தை மேலே நஷ்டம் என்று எழுதினேன், பணக் கணக்கில் அது சரி. மனக் கணக்கில் எனக்கு மிகவும் வேண்டியிருந்த வருடம் அது.

டிசம்பரில் பதினெட்டு நிரம்பியது. இதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சிறுவர் கணக்காகத் திறந்த வங்கிக் கணக்கு, பதினெட்டு ஆனதும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுக்கும் வரை முடங்கிவிடும். உதவித்தொகை அந்தக் கணக்கில்தான் இருந்தது, தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். 2016 டிசம்பர் என்றால் உங்களுக்கு நினைவிருக்கும், செல்லாத நோட்டுகளோடு ஊரே வங்கி வாசலில் நின்றது. எங்கள் கிளையில் வரிசை தெருமுனை வரை வந்திருந்தது. உள்ளே போனால், பழைய நோட்டுகளை வாங்கும் வேலை முடிந்த பிறகுதான் கணக்கு வேலை என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பாதான் கட்டணத்தைக் கட்டினார். பதினெட்டு நிரம்புவதற்கு முந்தைய மாதமே வங்கியில் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாருங்கள். பான் அட்டையும் அப்படித்தான். சிறுவர் அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது, மாற்ற வேண்டும். கல்விக் கடன் இருந்தால் அதிலும் பிள்ளையின் கையெழுத்தைப் புதிதாகக் கேட்பார்கள். பதினெட்டுக்கு முன் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு இவையெல்லாம் படிப்பின் நடுவில் வந்து நிற்கும்.

இனி நன்மைகள். இருபதரை வயதில் கையில் பட்டம் இருந்தது. வளாகத் தேர்வில் கிடைத்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து 2020-இல் எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதினேன். வயது தள்ளிப்போகிறது என்ற கவலை இல்லாமல் அந்த ஒரு வருடத்தை எடுக்க முடிந்தது, அது சீக்கிரம் தொடங்கியதால் கிடைத்த உண்மையான லாபம். எம்.டெக் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது, அப்பாவிடம் கை நீட்டவில்லை. கணிதத்தை அதற்குரிய ஆழத்தில் பதினாறு வயதிலேயே தொட்ட சந்தோஷமும் பொய்யில்லை. பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஃபூரியர் தொடரை முதன்முதலில் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

ஆனால் பெண் பிள்ளையைப் பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மிச்சமாகும் வருடங்கள் யாருடையவை? 2019-இல் முடிவுகள் வந்த மறு வாரமே அத்தை ஜாதகம் கேட்டார். படிப்பு முடிந்துவிட்டதே, இனி என்ன என்றார். என் வயதுப் பெண்கள் அப்போதுதான் கடைசி வருடத்தில் நுழைந்திருந்தார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் குடிமைப் பணி ஆசை இருந்தது, எனக்கோ 21 நிரம்பவில்லை. எழுத முடியாத அந்த இடைவெளியில்தான் பெண் பார்க்கும் பேச்சு புகுந்தது. கேட் மதிப்பெண் வரும் வரை ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் சண்டை. இரண்டு வருடம் முன்னால் ஓடியதன் பலன் இரண்டு வருடம் முன்னால் கல்யாணம் என்று ஆகியிருக்கும், அம்மா என் பக்கம் நின்றதால் ஆகவில்லை. மகளை முன்கூட்டிச் சேர்ப்பதாக இருந்தால், பட்டம் வாங்கிய பிறகு அந்த வருடங்களை அவள் எதற்குச் செலவிடுவாள் என்பதைச் சேர்க்கும்போதே அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். உறவினர் வந்து கேட்கும்போது அதையே பதிலாகச் சொல்லுங்கள்.

நாலரை வயதில் நான் சேர்ந்த மாதிரி இன்று சேர்க்க முடியாது. கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்று 2022-இல் ஆணை வந்தது. 2025-26 கல்வியாண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். அதனால் பெற்றோரின் கவனம் இப்போது நடு வகுப்பைத் தாண்ட வைப்பதிலும், வகுப்புக்குப் போகாமலே திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத வைப்பதிலும் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒருவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் பதினொன்றாம் வகுப்புக் கணக்கைச் சர்வசாதாரணமாகப் போடுகிறான். அவன் பசிக்குப் பள்ளிப் பாடம் போதவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. பசிக்குச் சாப்பாடு போட வேண்டும், அதற்காக அவனை வேறு வீட்டில் குடிவைக்க வேண்டியதில்லை என்றேன். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஒலிம்பியாட் எழுத அவனுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2021-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்புக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம். பள்ளித் தோழர்களோடு இருந்துகொண்டே கல்லூரிக் கணிதத்தைத் தொட முடியும். 2014-இல் எனக்கு இது இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்படியும் கல்லூரிக்கே போக வேண்டும் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய கல்லூரியைப் பாருங்கள். பேர் பெற்ற கல்லூரி தூரத்தில் இருந்தால் பக்கத்துக் கல்லூரியே மேல். முதல் மாதத்திலேயே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் தயங்காமல் விலக்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வரும், அதற்குப் பிறகு தொகை படிப்படியாகக் குறையும், கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி அறிவிப்பு வரும், அந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த மாதம் முழுவதும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்காமல் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.